தலையில் வைத்த பூவைக் கேட்டவனுக்கு

மாடியில் இருக்கும் மகனுக்கு, கீழே அடுப்படியில் இருந்து அம்மா எழுதுவது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று நீ சிரிக்கலாம். சிரித்துக்கொள். நேரில் பேச வந்தால் நீ வேலை நாற்றத்துக்குப் போடும் அந்த ரப்பர் முகமூடியை மாட்டிக்கொள்கிறாய். ஜன்னலில் அந்த ராட்சச மின்விசிறி வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. நான் கத்துவது உன் காதில் விழுவதில்லை, நீ முணுமுணுப்பது எனக்குப் புரிவதில்லை. தலையை ஆட்டுகிறாய், அது ஆமாமா இல்லையா என்று தெரியாமலே இறங்கி வருகிறேன். போனில் செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்புகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். எழுதி முடித்ததும் உன் அப்பாவிடமும் உன் அக்காவிடமும் காட்டுவேன். வேறு யார் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. புத்திசாலிப் பிள்ளையைப் பெற்றுவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளும் அம்மாக்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும்.

நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன். நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனால் நீ பார்த்தது ஒன்று, மற்றவர்கள் எல்லாரும் பார்த்தது வேறொன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில், உனக்குப் பேசி முடித்த நித்யாவுக்குப் பூ வைத்தோம். பூ வைப்பது என்றால் என்னவென்று தெரியாது என்று நீ சொன்னால் நான் நம்ப மாட்டேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் போய்ப் பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, இனி இவள் எங்கள் வீட்டுப் பெண் என்று ஊரறியச் சொல்லியாயிற்று. தட்டு மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். அன்று விடிந்ததும் நானே மார்க்கெட்டுக்குப் போய், மொட்டாகப் பார்த்து மல்லிகையும் வாசமாகப் பார்த்து மரிக்கொழுந்தும் வாங்கி நெருக்கிக் கட்டச் சொல்லி, வாழை இலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே காரில் வந்தேன். அவள் மணையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். உன் அக்கா பக்கத்தில் நின்று கொண்டை ஊசிகளை எடுத்துக் கொடுத்தாள். பின்னல் நிறையப் பூவை வைத்துவிட்டு அந்தப் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக்கூட நீ கவனித்திருக்க மாட்டாய்.

ஏன் கலங்கியது என்று கேட்டால், உனக்குப் பெண் தேடி நான் பட்ட பாடு அப்படி. கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்துவிட்டுப் பையன் என்ன செய்கிறான் என்று கேட்பார்கள். கல்யாண மாலைகளை வாங்கி, வாடாமல் காயவைத்து, ரெசின் என்கிற பிசினை ஊற்றிக் கண்ணாடிக் கட்டி மாதிரி செய்து சட்டம் போட்டுக் கொடுக்கிறான் என்று சொல்வேன். எதிரில் இருப்பவர்கள் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். ஒரு அம்மாள் முகத்துக்கு நேராகவே, வாடின பூவை ஆத்தில்தானே விடுவார்கள், வீட்டுக்குள் வைப்பார்களா என்று கேட்டாள். இன்னொரு வீட்டில் புரோக்கரிடம், பூக் காயப்போடும் பையன் வேண்டாம், அப்பாவுடைய பேண்டேஜ் கம்பெனியை அவன் பார்த்துக்கொண்டால் சொல்லுங்கள் என்று அனுப்பினார்கள். நித்யாதான், நாம் பெண் பார்க்கப் போன அன்று, எந்தப் பூ சீக்கிரம் நிறம் மாறிப் பழுக்கும் என்று உன்னிடம் கேட்டாள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தமும் சளியும் பார்க்கிற பிள்ளை, அதனால்தானோ என்னவோ முகம் சுளிக்கவில்லை. நீ சம்பங்கியில் ஆரம்பித்து ரோஜா வரைக்கும் விளக்கினாய். ஆறிப்போன கேசரியை நாங்கள் எல்லாரும் மறுபடி மறுபடி கிண்டிக்கொண்டிருந்தோம். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள். அப்போதே எனக்கு இவள்தான் என்று பட்டுவிட்டது.

அப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் நீ இதைச் செய்தாய். பந்தி முடிந்து தாம்பூலம் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். நீ காரில் இருந்து பெரிய மூடி போட்ட டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாய். பால்கோவா ஊருக்கே மாப்பிள்ளை இனிப்புக் கொண்டு வருகிறார் என்று அவளுடைய சித்தப்பா கேலி பண்ணினார், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். உள்ளே இருப்பது ஈரத்தை உறிஞ்சும் உன்னுடைய வெள்ளை மணல், அந்தச் சிலிக்கா ஜெல், என்று எனக்கு உறைக்கவே இல்லை. நீ நேராகப் பெண் இருந்த அறைக்குப் போனாய். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாய். பின்னாலேயே நித்யா வந்தாள். பட்டுச்சேலை இருக்கிறது, நகை இருக்கிறது, பின்னல் மொட்டையாக இருக்கிறது. அவளுடைய அத்தைதான் முதலில் பார்த்தாள். "ஏட்டி, தலையில வச்ச பூவ எங்கட்டி?" என்று அவள் கேட்ட கேள்வியில் மண்டபமே திரும்பியது. அந்தப் பிள்ளை உன்னைத்தான் பார்த்தது. நீ டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பெரிய காரியம் செய்துவிட்டவன் மாதிரி, "எங்கிட்டதான் இருக்கு. இப்ப எடுத்தாத்தான் நெறம் நிக்கும், இன்னும் செத்த நேரம் விட்டா பழுத்துரும்" என்றாய்.

என் கையில் தாம்பூலத் தட்டு இருந்தது. யாருக்குக் கொடுக்கப் போனேன் என்பது மறந்துவிட்டது. பூ வைத்த வீட்டுக்காரர்களே, வைத்த அன்றைக்கே, பெண் தலையில் இருந்து பூவை எடுத்துவிட்டார்கள். இதற்கு நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று நான் எழுத மாட்டேன், எழுதக் கை வராது. அவள் அம்மா ஓடிப் போய்த் தட்டில் மிச்சமிருந்த கனகாம்பரத்தைக் கிள்ளி மகள் தலையில் செருகினாள். செருகும்போது அழுதுகொண்டே செருகினாள். உன் அப்பா ஏதோ சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார், யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. நாங்கள் சொல்லிக்கொள்ளாத குறையாகக் கிளம்பினோம். வரும் வழியெல்லாம் நீ முன் சீட்டில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வேகத்தடை வரும்போதெல்லாம் "மெதுவா ஏத்துங்கப்பா, உள்ள குலுங்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். பின் சீட்டில் பெற்றவள் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதது மட்டும் உனக்குக் கேட்கவில்லை.

இன்றைக்கு நேற்று வந்த புத்தி இல்லை இது. நீ ஆறாவது படிக்கும்போது ஆண்டு விழாவில் பரிசு வாங்கினாய். மேடையில் உனக்கு ஒரு ரோஜாவும் கொடுத்தார்கள். அது வாடிவிடுமே என்று உனக்கு ஒரே கவலை. அப்பாவுடைய பட்டறைக்குப் போய், ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கட்டி வைத்திருந்த காஸ் துணி ரோலைப் பிரித்து, நடுவில் ரோஜாவை வைத்துச் சுருட்டி மறுபடி கட்டிவிட்டாய். புண்ணில் இருந்து கசிவதையே உறிஞ்சுகிற துணி, பூவில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சாதா என்று உன் கணக்கு. கணக்குச் சரிதான். ஆனால் அந்த ரோல் லாரி ஏறிவிட்டது. கொஞ்ச நாளில் வெளியூர் வியாபாரி ஒருவர் அப்பாவுக்குப் போன் போட்டு, காயத்துக்குக் கட்டுகிற துணிக்குள் ரோஜாப்பூ வைத்து அனுப்புகிறீர்களே, உங்கள் ஊரில் இப்படித்தான் வழக்கமா என்று கேட்டார். அப்பா வருகிற கோபத்தை அடக்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். நீ என்ன கேட்டாய் தெரியுமா? பூ எந்த நிறத்தில் இருந்தது என்று அவரிடம் கேட்டீர்களா அப்பா என்று கேட்டாய். அப்பா சிரித்துவிட்டார். அன்றைக்கு அவர் சிரித்திருக்கக் கூடாது என்று இப்போதும் நான் சொல்வேன், அவர் இப்போதும் சிரிப்பார்.

உன் தொழிலை நான் மட்டமாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. மாடி அறையை நீ கேட்டபோது, மிளகாய் வற்றல் காயப்போடும் இடம் போச்சே என்று புலம்பினேனே தவிர மறுக்கவில்லை. ரெசின் நாற்றத்தில் எனக்குத் தலை வலித்தது, அதையும் பொறுத்துக்கொண்டேன். சோழபுரத்தில் இருந்து ஒரு விவசாயி வந்தாரே, மகளுடைய கல்யாண மாலையை உரச்சாக்கில் போட்டுக் கொண்டுவந்தவர். மகள் கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளையுடன் வெளிநாடு போய்விட்டாள், வீட்டுக்காரி மாலையைத் தூக்கிப் போட மனசில்லாமல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள் என்று சொன்னார். நீ அதில் இருந்து நன்றாக இருந்த ரோஜாக்களை மட்டும் பொறுக்கி, ஒரு சட்டம் செய்து கொடுத்தாய். வாங்க வந்த அன்று அவர் அதை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, நம் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் மோர் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு நான் பெருமைப்பட்டேன், உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். ஆனால் நன்றாக யோசித்துப் பார். அவர் மகள் அந்த மாலையைக் கழுத்தில் போட்டு, மாற்றி, ஊர்வலம் வந்து, போட்டோ எடுத்து, போக வேண்டிய வீட்டுக்குப் போய்விட்டாள். எல்லாம் முடிந்த பிறகுதான் மாலை உன்னிடம் வந்தது. முடிந்ததை எடுத்து வைப்பதில் தப்பே இல்லை.

உனக்கு முடிகிற வரைக்கும் பொறுமை இருப்பதில்லை. ஆயுத பூஜைக்கு அப்பா தறிக்கு மாலை போட்டார். சூடம் காட்டி முடிக்கும் முன்னால், சூடத்தின் சூட்டில் சாமந்தி கருகுகிறது என்று நீ கழற்றப் போனாய். தறி ஓட்டுகிறவர்கள் கும்பிட்ட கையோடு உன்னைப் பார்த்தார்கள். அக்கா பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் வந்தது. தலையில் சுற்றியிருந்த பூக்கிரீடத்தை நீ எடுக்க, அது வீரிட்டு அழ, உனக்கும் அக்காவுக்கும் சண்டை. இப்போது கூடத்து அலமாரியில் அந்தக் கிரீடம் பளபளவென்று இருக்கிறது, கட்டிக்குள் ஒரு காற்றுக் குமிழிகூட இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் ஆகா ஓகோ என்கிறார்கள். உன் அக்கா மட்டும் அதைப் பார்ப்பதில்லை. அந்தப் பிறந்தநாளில் அவளுக்கு ஞாபகம் இருப்பது பிள்ளை அழுத அழுகைதான். எதையாவது காப்பாற்றப் போவதற்கு முன்னால் அது நடந்து முடிந்ததா என்று பார்த்துக்கொள். உனக்கு நான் சொல்ல நினைக்கும் புத்திமதி இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் என் எரிச்சல்.

என்னுடைய கல்யாண மாலையைப் பற்றி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். அது ஒரு வாரம் கதவில் தொங்கியது, பிறகு பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டது. இதைச் சொல்லும்போதெல்லாம், நான் அப்போது இருந்திருந்தால் காப்பாற்றியிருப்பேனே என்று நீ வருத்தப்படுவாய். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த மாலையில் எறும்பு இருந்தது, அதை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? நனைத்து வைத்திருந்த மாலை, ஈரம் முதுகு வரைக்கும் இறங்கிவிட்டது. முகூர்த்த நேரத்தில் எறும்பு ரவிக்கைக்குள் புகுந்து சுள்ளென்று கடிக்கிறது. ஐயர் மந்திரம் சொல்கிறார், சொந்தக்காரர்கள் எல்லாம் எதிரில், நான் நெளியவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா குனிந்த தலை நிமிராமல், "எறும்பா? எனக்கும்தான் கடிக்கி" என்று மெதுவாகச் சொன்னார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். பிறகு யாருக்கும் தெரியாமல் என் மாலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டார், கழுத்தில் படாமல். தாலி கட்டுகிற வரைக்கும் ஒரு கையால் பிடித்தே இருந்தார். அந்த மாலையில் என்ன பூ இருந்தது என்று கேட்டால் எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

இனி நித்யா வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பூ வைத்துவிட்டு வந்த பிறகு அவள் அப்பா, உன் அப்பாவுக்குப் போன் பண்ணினார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. மரியாதையாக, "அண்ணாச்சி, வீட்டுல பொம்பளைக மனசு சரியில்ல, கொஞ்சம் யோசிச்சுக்கிடுதோம்" என்றாராம். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டுகிறவர்கள் உறவை விட மாட்டார்கள். மரியாதையாகப் பேச ஆரம்பித்தால்தான் பயம். உன்னைப் போய்ப் பேசச் சொன்னேன். மூடநம்பிக்கைக்கெல்லாம் நான் மன்னிப்புக் கேட்க முடியாது என்று முகமூடியைத் தூக்கிவிட்டுச் சொன்னாய், அந்த ஒரு வாக்கியம் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. உன் அப்பா, அவன் போக்கில் விடு, தானாகச் சரியாகும் என்றார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. போன வெள்ளிக்கிழமை பஸ் ஏறி நான் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன்.

வரவேற்றார்கள். காப்பி கொடுத்தார்கள். அவளுடைய அத்தை தூணோரம் நின்றுகொண்டு, எங்க பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லாம இருந்துச்சே என்று சுவரைப் பார்த்துப் பேசினாள். வைத்த பூவை எடுத்த வீட்டுக்கு எப்படி அனுப்புவது என்று கேட்டாள். நானும் அதே மாதிரி வளர்ந்தவள்தானே. என் மகளுக்கு யாராவது அப்படிச் செய்திருந்தால் நான் அன்றைக்கே தட்டைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அவனுக்கு அந்த நினைப்பே கிடையாது, பூ மேல் இருக்கிற பைத்தியம் என்று சொன்னேன். பைத்தியம் என்று நானே சொன்னது அவர்களுக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது. நித்யா உள்ளே இருந்து வந்து வாங்க அத்தை என்றாள். வெள்ளிக்கிழமை, குளித்துத் தலை சீவிப் பின்னல் போட்டிருந்தாள், ஒரு பூகூட இல்லை. அவள் அம்மா என் பார்வையைப் பார்த்துவிட்டு, அன்னைக்கில இருந்து வைக்கவே மாட்டேங்கா என்றாள்.

கிளம்பும்போது, பஸ் ஸ்டாப் வரைக்கும் வருகிறேன் என்று அவளே கூட வந்தாள். தேரடி தாண்டியதும், யாரும் கேட்காத இடமாகப் பார்த்து, நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சகுனத்தை எல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன். அவள், "சகுனம்லாம் எங்க அத்தைதான் பேசுதாவ. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல" என்றாள். பிறகு என்னதான் என்று கேட்டேன். அதற்கப்புறம் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நன்றாகப் படி. "அன்னைக்கு காலையில இருந்து, ஒரு தடவையாவது வந்து பேசுவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் அத்தை. ரூமுக்கு வந்தாரு. எந்திரிச்சேன். 'அசையாம நில்லு, இதழ் உதிர்ந்துரும்'னாரு. அம்புட்டுதான் பேசினது. ஊசிய ஒவ்வொண்ணா எடுத்தாரு, பூவ வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு. மூஞ்சிய நிமுந்து பாக்கவே இல்ல."

நான் அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவளே மறுபடி சொன்னாள். "நாளைக்கு ஒரு பிள்ளை பொறந்தாலும், அதுல எத எடுத்து வைக்கலாம்னுதான் பாப்பாரோன்னு பயமா இருக்கு." பஸ் வந்துவிட்டது. ஏறப் போன என்னிடம், இதையெல்லாம் நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டாம், அவருக்கே தோன்றி வரட்டும் என்றாள். வந்தால் பேசுவியா என்று கேட்டேன். பேசுவேன் என்று தலையாட்டினாள். அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டதை நான் மீறுகிறேன். உனக்கே தோன்றும் என்று காத்திருந்தால் எனக்குப் பேரனோ பேத்தியோ இந்த ஜென்மத்தில் கிடையாது.

வீட்டுக்கு வந்து, அவள் சொன்னதைச் சொல்லாமல், ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா என்று மட்டும்தான் முதலில் சொன்னேன். நீ ரொம்பச் சாந்தமாக, ஃப்ரேம் முடியட்டும் அம்மா, அதைக் கையில் கொடுத்தால் அவளுக்கே புரிந்துவிடும் என்றாய். ரெசின் ஒரே தடவையில் ஊற்றக் கூடாதாம், ஒரு அடுக்கு ஊற்றி, அது இறுகி, மேலே அடுத்த அடுக்காம். அவசரப்பட்டால் மஞ்சளித்துவிடுமாம். நீ டவுனுக்குப் போன நேரம் பார்த்து நான் மாடிக்கு ஏறி அந்த டப்பாவைத் திறந்து பார்த்தேன். மணலுக்குள் என் மல்லிகை அப்படியே இருக்கிறது. மொட்டுக்கூடக் கலையவில்லை, மரிக்கொழுந்து பச்சை மாறவில்லை. நான் கட்டச் சொன்ன அதே நெருக்கம். வாசம் மட்டும் இல்லை. இவ்வளவு அழகாகச் செய்திருக்கிறானே என்று பார்த்துக்கொண்டே நின்றேன், எனக்கு ஆத்திரம்தான் இன்னும் கூடியது. நித்யா வீட்டார் இந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்காரரைப் பார்த்துக் கல்யாணத் தேதியை விட்டுவிடப் போகிறார்கள். அவளுடைய அத்தை வேறு இடம் பேச ஆரம்பித்துவிட்டாள், புரோக்கர் மூலமாக எனக்கே சேதி வந்துவிட்டது. உன் ரெசின் அடுத்த வாரம்தான் இறுகும்.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய கூத்து. வாயால் சொன்னால்தானே உனக்குக் கேட்காது, கண்ணில் படும்படி வைப்போம் என்று, முந்தாநாள் காலையில் ஒரு முழம் மல்லிகை வாங்கி மாடிப்படியில் வைத்தேன். பக்கத்திலேயே உன் பைக் சாவியும் வைத்தேன். இதற்கு மேல் ஒரு தாய் எப்படிச் சொல்வாள்? நீ இறங்கி வந்தாய், சாப்பிட்டாய், சாவியை எடுத்துக்கொண்டு போனாய், ரெசின் டின்னோடு திரும்பி வந்தாய். பூ சாயங்காலம் வரை கிடந்து பழுத்தது. மறுநாளும் வாங்கி வைத்தேன். அன்றைக்கு மத்தியானம் பார்த்தால் படியில் பூவைக் காணோம். பிள்ளை போய்விட்டான் என்று அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன், உன் பைக் நிற்கிறது. மேலே வந்து எட்டிப் பார்த்தேன். நீ என் பூவை உதிர்த்து, ஒவ்வொரு மொட்டாக மணலில் அடுக்கிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும், நல்ல பூவாகப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள் அம்மா, ஓரத்துக்கு வைக்கச் சரியாக இருக்கும் என்றாய்.

நான் இறங்கி வந்து இந்தக் காகிதத்தை எடுத்தேன். உனக்குச் சொல்லத் தெரியாமல் சொன்னது போதும், இப்போது எழுத்தில் சொல்லியாயிற்று. நீ கெட்டவன் இல்லை, அது அவளுக்கும் தெரியும். ஆனால் ஒரு பெண் உன் எதிரில் எழுந்து நின்றபோது நீ அவளைப் பூ வைத்த இடமாகத்தான் பார்த்தாய். அதற்கு நீ செய்து வைத்திருக்கிற எந்தக் கண்ணாடிக் கட்டியும் பதில் ஆகாது. அதைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தால் இன்னும் மோசம், அன்றைக்கு எதற்காக அவளை அப்படி நிற்க வைத்தாய் என்பதை நீயே சட்டம் போட்டுக் கொடுக்கிற மாதிரி. ஞாயிறு தாண்டினால் உன் அப்பாவாலும் ஆகாது, என்னாலும் ஆகாது.

இன்றைக்குப் பூவைப் படியில் வைக்கப் போவதில்லை. இந்தக் கடிதத்தை உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு, பூவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கப் போகிறேன். நீ இறங்கி வருகிற வரைக்கும் உலை வைக்க மாட்டேன், உள்ளே வரவும் மாட்டேன், அக்கம்பக்கத்தார் பார்த்தால் பார்க்கட்டும். வா, வந்து வாங்கிக்கொள். ஈரத்துணியில் சுற்ற வேண்டாம். சட்டைப்பையில் திணித்துக்கொண்டு போ, வழியில் நசுங்கினால் நசுங்கட்டும், பாதி உதிர்ந்தால் உதிரட்டும். அவள் வீட்டுக்குப் போனதும் அந்தப் பூவைப் பார்க்காதே. அவள் முகத்தைப் பார்.